எங்கள் தெருவில் குற்றம் எதுவும் பதிவாகவில்லை

1

என் வீட்டு வாசலில் நின்று "மாஸ்டர்" என்று தமிழில் கூப்பிட்ட ஒருவனைச் சந்தேகத்துக்கு உரியவன் என்று என் தெருவுக்குக் காட்டிக்கொடுத்தேன். அவன் அப்படிப்பட்டவன் அல்ல என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கடைசிக்குத் தள்ளிப்போட்டால் அதற்குள் எனக்குச் சாதகமாக நாலு நியாயங்களைச் சேர்த்துவிடுவேன். தெமோதரையில் சில வருடம் வாத்தியாராகவும், இங்கே நகரசபை அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை எழுத்தராகவும் இருந்தவன் நான். நியாயம் சேர்ப்பதில் பயிற்சி உண்டு.

பண்டாரவளையில் சஞ்சிகை நடத்தும் நண்பர் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். "பிரித்தானிய நகரம் ஒன்றில் குற்றங்களும் குடியிருப்புப் பாதுகாப்பும் எப்படி என்று எழுதுங்கள். பிள்ளைகளைப் படிக்க அனுப்பப் போகிறவர்கள் கேட்கிறார்கள். களவு அதிகமா, கத்திக்குத்து அதிகமா, இருட்டினால் வெளியே போகலாமா?" நானும் தாராளமாகத் தலையாட்டிவிட்டுச் சும்மா இருந்தேன். போன வாரம் என் தம்பி சண்முகத்தின் முதல் தெவசம். அன்று காலை இலை போட்டுக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தபோது, இனியும் எழுதாமல் இருந்தால் அது இரண்டாவது குற்றம் என்று பட்டது.

2

முதலில் நண்பர் கேட்டதற்குப் பதில்.

நான் இருப்பது இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நடுத்தர நகரம். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் வீட்டு விலை இறங்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்கள். இந்த நாட்டில் குற்றத்தைக் கண்டு மக்கள் பயப்படுவது உயிருக்காகப் பாதி, வீட்டு விலைக்காக மீதி.

பொலிஸின் இணையத்தளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டினால் வரைபடம் ஒன்று வரும். போன மாதம் எந்தத் தெருவில் எத்தனை குற்றம் என்று வட்டம் வட்டமாகக் காட்டும். வட்டத்தைத் தொட்டால் விவரம்: கடைக் களவு, வாகனக் களவு, சமூக விரோத நடத்தை. கடைசியாகச் சொன்னதைக் கேட்டு ஊரில் உள்ளவர்கள் மிரள வேண்டாம். பஸ் தரிப்பிடத்தில் நாலு பேர் சத்தமாகப் பாட்டு வைத்தாலும் அந்தக் கணக்கில்தான் வரும்.

நகரத்தின் மையத்தில், ரயில் நிலையத்துக்குப் பின்னால், வட்டங்கள் பெரிது. குடிகாரர்கள், போதைக்காரர்கள், எப்போதாவது ஒரு கத்தி. பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கத்தில் அறை எடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். எங்கள் பக்கம் வட்டமே கிடையாது. காணாமல் போகிறவை என்று பார்த்தால் ஒரு பூத்தொட்டி, வாசலில் வைத்துப் போன ஒரு பார்சல், ஒரு சைக்கிள். சைக்கிள் போனதற்குப் பொலிஸ் வரவில்லை. ஓர் இலக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பி, காப்புறுதிக்காரரிடம் காட்டச் சொன்னது. திருட்டுப் போனவருக்கு ஓர் இலக்கம், திருடியவனுக்கு ஒரு சைக்கிள். இரண்டு தரப்புக்கும் ஏதோ கிடைத்தது.

நான் வளர்ந்தது மடுல்சீமைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில். தோட்டத் தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் எங்கள் அறைக்குப் பூட்டு இருந்தது. சாவி கதவுக்கு மேலேயே ஆணியில் தொங்கும். திருடன் வந்தாலும் எடுக்க என்ன இருந்தது? அங்கே வீடு பற்றிய பயமே வேறு. பின்னால் மலை, முன்னால் சரிவு, ஐப்பசி மழை. இங்கே வீட்டுக்குள் யார் வந்துவிடுவார்களோ என்று பயம். அங்கே வீடு எந்தப் பக்கம் போய்விடுமோ என்று பயம்.

3

எங்கள் தெருவில் 'அயல் காவல்' என்று ஒரு குழு உண்டு. மாதம் ஒரு தடவை யாராவது ஒருவர் வீட்டில் கூடி, தேநீர் குடித்து, கேக் சாப்பிட்டு, குற்றத்தைக் கண்டித்துவிட்டுக் கலைவோம். கண்டிப்பதற்குக் குற்றம் கிடைக்காத மாதங்களில் நாய் அசிங்கம் பண்ணியதைக் கண்டிப்போம். செயலாளர் எதிர்வீட்டுப் பமெலா. ஓய்வு பெற்ற பல் வைத்தியரின் மனைவி, நல்ல மனுசி, சன்னலை விட்டு நகர மாட்டாள்.

என்னை ஒருங்கிணைப்பாளராக்கியதும் அவள்தான். தியாகராஜன் என்ற என் பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. தியாகு என்று சுருக்கிக் கொடுத்தேன். அது ஒரே வாரத்தில் 'டைகர்' ஆகிவிட்டது. இலங்கையில் ஒரு காலத்தில் அந்தப் பட்டத்தைச் சூட்டித்தான் எங்கள் பையன்களைப் பதுளை ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். இங்கே அதே பட்டத்தோடு கேக் தந்தார்கள். நான் திருத்தவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. நான் சிலோனிலிருந்து வந்த படித்த கனவான் என்றுதான் தெருவுக்குத் தெரியும். லயம் என்ற சொல்லை அந்தத் தெருவில் நான் ஒருபோதும் உச்சரித்ததில்லை.

ஒரு கூட்டத்துக்குப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து தொலைபேசி மோசடி பற்றிப் பேசினார். தெரியாத வெளிநாட்டு இலக்கங்களை எடுக்கவே கூடாது, தடுத்துவிடுங்கள் என்றார். ஒருங்கிணைப்பாளர் முன்மாதிரியாக இருக்க வேண்டாமா? அங்கேயே, எல்லோர் முன்னாலும், என் கைபேசியில் அந்த ஏற்பாட்டைச் செய்தேன். பெயர் பதியாத வெளிநாட்டு இலக்கம் எதுவும் இனி என்னை வந்து சேராது. கைதட்டினார்கள்.

வாசல் மணியில் கமரா பொருத்தியது என் மகள் மாலதி. அவள் இருப்பது தெற்கே, ரயிலில் அரை நாள். என் வாசலில் இலை விழுந்தால்கூட அவள் கைபேசியும் என் கைபேசியும் ஒரே நேரத்தில் மணி அடிக்கும். அவள் என்னைப் பார்க்க வருவது குறைந்தது அதற்குப் பிறகுதான். வாசலைப் பார்த்தால் அப்பாவைப் பார்த்த மாதிரி என்று நினைக்கிறாளோ என்னவோ.

4

தம்பி சண்முகமும் காவல்காரன்தான். தோட்டத்துக் காவக்காரன், சம்பளத்துக்கு. தோட்டத்து மரத்தை வெட்டி விறகு கொண்டுபோகிற பெண்களைப் பிடித்து துரையிடம் ஒப்படைப்பது அவன் வேலை. அவனிடம் ஒரு டோர்ச் லைட்டும் ஓர் இருமலும் இருந்தன. எந்தப் பக்கம் சுற்று வருகிறானோ அந்தப் பக்கம் முதலில் இருமல் வரும். கொஞ்சம் பொறுத்துத்தான் ஆள் வருவான். அதற்குள் விறகுக் கட்டு தேயிலைச் செடிக்கு அடியில் போயிருக்கும், பெண்கள் வெறுங்கையோடு நின்று, "என்னண்ணே, இன்னிக்கி இருமல் கூடுதலா இருக்கே, தூதுவளை ரசம் வச்சுக் குடிங்க" என்பார்கள். வேலைக் காலம் முழுவதும் அவன் பிடித்த கள்ளர்களை ஒரு கை விரலில் அடக்கலாம். அவர்களும் காது கேளாதவர்கள் என்று ஊரில் பகிடி.

"இதுக்குச் சம்பளம் வேற வாங்குறியாடா?" என்று ஒருமுறை கேட்டேன். "காவல்னா காக்கிறதுதானே அண்ணே" என்றான். விடுமுறை முடிந்து நான் திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகவில்லை. கடிதம் குறைந்தது, பிறகு நின்றது. பொங்கலுக்கு அவன் கூப்பிடுவான். என் கைபேசியில் பதிந்திருந்தது அவனுடைய பழைய இலக்கம் மட்டும்தான்.

5

போன வருடம் மார்ச் மாதம். வெயில் இருந்தது, ஆனால் காற்று எலும்புக்குள் போகும். காலை பத்து மணி இருக்கும், மாடியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். கைபேசி மணி அடித்தது. திரையில் என் வாசல் தெரிந்தது.

கேற்றுக்கு வெளியே ஓர் ஆள். நாற்பது வயது இருக்கும், நம் நிறம், தலையை மூடிய ஜாக்கெட். கழுத்தில் ஏதோ ஓர் அட்டை தொங்கியது. சப்பாத்தைக் கழற்றிச் சுவர் ஓரமாக வைத்துவிட்டு அந்தக் குளிரில் வெறுங்காலோடு நின்றான். உள்ளே வரவில்லை. மணியை அமுக்கவில்லை. இரண்டு கையையும் முன்னால் கட்டி, லேசாகக் குனிந்து, தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் துரைக்கு முன்னால் காலை வேலைக்குப் பேர் கொடுக்க நிற்பதுபோல நின்றான். இந்த நாட்டில் யாரும் அப்படி நிற்பதில்லை. நிற்கத் தெரியாது.

கமராவில் சத்தமும் வரும். "மாஸ்டர்" என்றான். சற்று நேரம் கழித்து, "மாஸ்டருங்களா? உள்ள இருக்கீங்களா?"

இந்த நகரத்தில் என்னை மாஸ்டர் என்று கூப்பிட யாரும் இல்லை. உலகத்திலேயே நான் பிறந்த அந்த ஒரு தோட்டத்தில்தான் இன்னும் எனக்கு அந்தப் பெயர். ஆகவே இவன் நம்மாள், மடுல்சீமைக்காரன் என்று அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. கதவைத் திறக்காததற்குக் காரணமும் அதுதான். தங்க இடம் கேட்பான், வேலைக்குச் சிபாரிசு கேட்பான், கோயில் கும்பாபிஷேகம் என்பான். அதைவிட, பமெலா சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். வெறுங்காலோடு நிற்கிற ஒருவனை நான் வீட்டுக்குள் கூட்டிப்போனால், நான் எங்கிருந்து வந்தவன் என்பது அவளுக்கு விளங்கிவிடும்.

அவன் நெடுநேரம் நின்றான். பிறகு சப்பாத்தை மாட்டிக்கொண்டு போனான்.

மாலதி உடனே போனில் கூப்பிட்டாள், வழக்கம்போல ஆங்கிலத்தில். "அப்பா, யார் அது? கதவைத் திறக்காதீர்கள்."

"தெரியாதும்மா."

"ஏதோ பேசுகிறானே, தமிழா அது?"

"காத்துச் சத்தம்" என்றேன்.

பிறகு அந்தக் காணொளியை எடுத்து, அதில் சத்தத்தை நீக்கும் இடத்தை அமுக்கி, தெருவின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். கீழே நல்ல ஆங்கிலத்தில், சந்தேகத்துக்கிடமான நபர், அனைவரும் கவனம் என்று எழுதினேன். ஏன் போட்டேன்? பமெலா எப்படியும் கேட்கப் போகிறாள். அவள் கேட்பதற்கு முன்னால் நானே முந்திக்கொண்டால், அவனுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை என்று ஆகிவிடும்.

பதில்கள் வந்து குவிந்தன. சப்பாத்தைக் கழற்றியதுதான் எல்லோரையும் உலுக்கியது. "காலடிச் சத்தம் கேட்காமல் இருக்கத்தான்" என்று பமெலாவின் கணவர் துப்பறிந்தார். "தொழில் தெரிந்தவன்." இன்னொருவர், அவன் கையைக் கட்டியிருந்தது உள்ளே ஆயுதத்தை மறைக்க என்றார். "நன்றி டைகர்" என்று ஒரே பாராட்டு. மறுநாள் கூடிய அவசரக் கூட்டத்துக்குப் பமெலா பன்றி இறைச்சி வைத்த பேஸ்ட்ரி செய்து கொண்டுவந்தாள். இரண்டு சாப்பிட்டேன். தீட்டுக் காலத்தில் நான் சாப்பிட்ட முதல் மச்சச் சாப்பாடு அது. தீட்டு என்று எனக்குத் தெரியாது.

6

கூட்டத்துக்கு அடுத்த நாள் காலை அவன் மறுபடி வந்தான். அதே சப்பாத்து, அதே சுவர், அதே நிற்பு. இந்தத் தடவை முந்திக்கொண்டது பமெலாவின் விரல். பொலிஸை அழைத்துவிட்டாள்.

சைக்கிள் போனபோது இலக்கம் மட்டும் அனுப்பிய பொலிஸ், எதையும் எடுக்காத இந்த மனிதனுக்காக ஒரு கார் அனுப்பியது. இரண்டு பேர். ஒருவர் இளம்பெண், மரியாதையானவள். அவள் அவனிடம் என்ன கேட்டாள் என்பது கண்ணாடிக்கு இப்பால் கேட்கவில்லை. அவன் தலையாட்டுவதும், என் வீட்டைக் கையால் காட்டுவதும், மறுபடி தலையாட்டுவதும் தெரிந்தன. பிறகு அவள் வந்து என் மணியை அமுக்கினாள். திறந்தேன்.

"உங்களைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறார். எதற்கு என்று எங்களிடம் சொல்ல மறுக்கிறார், உங்களிடம் மட்டும்தான் சொல்வாராம். இவரைத் தெரியுமா, சேர்?"

அவன் பத்தடி தள்ளி நின்றான். என்னைப் பார்த்ததும் அவன் முகத்தில் அப்பாடா என்று ஒன்று வந்ததே, அதை நான் பார்த்தேன். "மாஸ்டர், உங்க..." என்று ஆரம்பித்தான். கூட இருந்த பொலிஸ்காரர் அவன் நெஞ்சுக்கு முன்னால் கையை நீட்டினார்.

"தெரியாது" என்றேன். கதவைச் சாத்தினேன்.

அவன் பெயர் தெரியாது என்பது மட்டும் உண்மை.

7

மூன்று வாரம் கழித்து மாலதி கூப்பிட்டாள். அவள் குரலில் வழக்கமான அவசரம் இல்லை. தமிழில் பேசினாள். அதுவே எனக்குப் பயத்தைக் கிளப்பியது.

"அப்பா, சண்முகம் சித்தப்பா செத்துட்டாராம். மார்ச்லயே. கருமாதியும் முடிஞ்சுதாம். குமார் உங்க நம்பருக்கு அடிச்சு அடிச்சுக் கிடைக்காம, இப்பதான் பேஸ்புக்ல என்னத் தேடிப் பிடிச்சிருக்கான்."

குமார் சண்முகத்தின் மகன். அவன் இலக்கத்தை வாங்கி நானே கூப்பிட்டேன். எடுத்ததும் அழுதான். பிறகு, "பெரியப்பா, போன் போகல, அதனால நம்ம டிவிசன் ராஜேந்திரன் அண்ணன் அங்கதான் வயசானவங்க இல்லத்துல வேலை செய்யுதுன்னு அம்மா சொல்லி அனுப்புனாங்க. தனியா இருக்கிற மனுசன், நேர்ல போயி பதனமாச் சொல்லுன்னாங்க. ராஜேந்திரன் அண்ணன் ரெண்டு தடவ வந்துச்சாம். நீங்க வீட்ல இல்லையாமே?"

நான் வீட்டில் இல்லை என்று, வாசலில் நின்ற அந்த ராஜேந்திரன் சொல்லியிருக்கிறான். என்னைக் காப்பாற்றியிருக்கிறான். அந்தப் பொய்க்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொள்ள எனக்கு ஒரு கணம் போதும்.

"இருந்தேன்" என்றேன்.

"என்ன பெரியப்பா?" என்றான்.

"இருந்தேன்டா குமாரு. தொறக்கல."

ஊரில் என்றால் அந்த நிற்பு எனக்கு உடனே விளங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் கேதம் சொல்ல வருகிறவன், அதாவது சாவுச் செய்தி கொண்டு வருகிறவன், வீட்டுக்குள் வர மாட்டான். கதவைத் தட்ட மாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலுக்கு வெளியே நின்று கூப்பிடுவான். வீட்டுக்காரர் வெளியே வர வேண்டும். அவருக்கு முன்னால் வேறு யாரிடமும் செய்தியைச் சொல்லக் கூடாது. சொன்ன பிறகு தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டான். போய் வருகிறேன் என்றும் சொல்ல மாட்டான்; சாவு மறுபடி வந்துவிடக் கூடாது அல்லவா? இந்த வழக்கத்தில் யாரை வெளியே நிறுத்தினோம், எந்தச் சாதிக்காரனை அனுப்பினோம் என்ற அசிங்கமும் உண்டு. அதையும் மறைக்கவில்லை. ஆனால் அந்த நிற்புக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் என்று லயத்துப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அது கமராவின் பாஷையில்தான் விளங்கியது.

8

ராஜேந்திரனைத் தேடிப் போனேன். ரயில் நிலையத்துக்குப் பின்னால், வரைபடத்தில் பெரிய வட்டம் இருக்கிற அதே இடத்தில், ஒரு கோழிப் பொரியல் கடைக்கு மேலே அறை. மணியை அமுக்கியதும் யார் என்று கேட்காமலே கதவைத் திறந்தான். இந்த நாட்டில் எனக்கு அப்படி ஒரு கதவு திறந்தது அதுதான் முதல் தடவை.

"வாங்க மாஸ்டர். படி செங்குத்து, பாத்து."

உட்காரவைத்துத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தான். கழுத்தில் அட்டை இல்லை.

"வேலைக்குப் போகலையாப்பா?"

"நிப்பாட்டிட்டாங்க மாஸ்டர். போலிஸ் என் அட்டையைப் பாத்து இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கு. வயசானவங்க இருக்கிற எடம், போலிஸ் கேட்ட ஆள வச்சிருக்க ஏலாதுன்னு மேனேஜர் சொல்லிட்டா."

வேலை போனால் விசாவும் போகும். இரண்டு மாதத்துக்குள் வேறு ஓர் இல்லம் அவனை எடுக்காவிட்டால் விமானம் ஏற வேண்டும். மேல் டிவிசனில் அவன் மனைவியும் மகளும் இன்னும் லயத்தில். பின்சுவர் வெடித்து, அதிகாரிகள் வந்து மண்சரிவு அபாயம் என்று சிவப்பு மையால் அடையாளம் போட்டுவிட்டுப் போன லயம் அது. மேட்டுப் பக்கம் அவன் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தான். சுவர் எழும்பியிருந்தது, கூரை பாக்கி. ஐப்பசி மழைக்கு முன்னால் அவர்களை அங்கே மாற்றிவிட வேண்டும் என்பதற்குத்தான் இந்தக் குளிரும் இந்த வேலையும். குடியிருப்புப் பாதுகாப்பு என்று நான் கேக் சாப்பிட்டுக்கொண்டே பேசியதை அவன் இப்படிச் செய்துகொண்டிருந்தான்.

"பெல்லை அமுக்கியிருக்கலாமேப்பா" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. வாயில் வந்துவிட்டது.

"கேதம் சொல்ல வந்தவன் பெல் அடிப்பானா மாஸ்டர்? எங்கப்பாதான் நம்ம டிவிசனுக்கே கேதம் சொல்லப் போறவரு. அவரு ஒரு வீட்டுக் கதவத் தொட்டு நான் பாத்ததில்ல."

"அந்தப் பொலிஸ் பிள்ளைகிட்டயாவது சொல்லியிருந்தா..."

"ஒங்க தம்பி செத்த சேதிய ஒங்களுக்கு முன்னால அந்தப் புள்ளைக்குச் சொல்றதா? மொறையா அது?" முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. பிறகு தணிந்து, "நீங்க தெரியாதுன்னீங்க பாருங்க, அது வெளங்கிச்சு எனக்கு. இங்கிலீஸ்ல சொன்னாலும் வெளங்குந்தானே."

9

பரிகாரம் என்று நான் செய்தவை.

பொலிஸுக்குப் போய், நான் சொன்னது பொய், திருத்திக்கொள்ளுங்கள் என்றேன். முகப்பில் இருந்தவர் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "குற்றம் எதுவும் பதிவாகவில்லையே சேர்" என்றார். குற்றம் பதிவாகாததால் வாபஸ் வாங்கவும் எதுவும் இல்லை. அப்படியானால் அவர் குற்றவாளி இல்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள் என்றேன். நடக்காத குற்றத்தைச் செய்யவில்லை என்று எழுத அவர்களுக்கு வசதி இல்லையாம்.

இல்லத்து மேனேஜரைப் போய்ப் பார்த்தேன். கவனமாகக் கேட்டாள். என் நேர்மையைப் பாராட்டினாள். முடிவை மாற்ற மாட்டாள். என் வயதையும் தனிமையையும் விசாரித்துவிட்டு, போகும்போது அவர்கள் இல்லத்தின் விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் கொடுத்தாள்.

பிறகு தெருவின் குழுவில் எழுதினேன். அந்த மனிதர் என் தம்பி இறந்த செய்தியைச் சொல்ல வந்தவர். என் ஊர்க்காரர். அது எனக்குத் தெரியும். அவர் என்னை மரியாதையாகக் கூப்பிட்டதை நான் நீக்கிவிட்டுப் போட்டேன். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன். அது உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக இதைச் செய்தேன். கீழே அந்தக் காணொளியைச் சத்தத்தோடு போட்டேன்.

இதயப் படங்கள் வந்தன. அழுகிற முகங்கள் வந்தன. "உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம், டைகர்." பமெலாவின் கணவர், "இருந்தாலும் அவர் மணியை அடித்திருக்க வேண்டும்" என்றார். இன்னொருவர், "எச்சரிக்கையாக இருந்ததில் தப்பில்லை" என்றார். லயம் என்றால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. நான் இத்தனை வருடம் ஒளித்துவைத்த பொருளை எடுத்து நடுத்தெருவில் வைத்தேன், யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் பதவியை விட்டேன். அட்டை ஒன்றில் எல்லோரும் கையெழுத்திட்டுத் தந்தார்கள். அந்த மாத அறிக்கையைப் பமெலா வாசித்தாள்: எங்கள் தெருவில் குற்றம் எதுவும் பதிவாகவில்லை.

மாலதி ஒரு வார இறுதியில் வந்தாள். "காத்துச் சத்தம்னீங்களே அப்பா" என்று மட்டும் கேட்டாள். நான் தலையைக் குனிந்தேன்.  கமராவை அவள் கழற்றவில்லை.

ராஜேந்திரனை என் மேல்மாடி அறைக்கு வந்து இருக்கச் சொன்னேன். "அந்த வாசல் நமக்குச் சரிப்படாதுங்க மாஸ்டர்" என்றான். நான் பார்த்துக்கொடுக்க முயன்ற வேலைகள் ஒன்றும் சரிவரவில்லை. கடைசியில் அவனாகவே, தவணை முடியும் தறுவாயில், வடக்கே கடலோரத்தில் ஓர் இல்லத்தைப் பிடித்தான். தரம் குறைந்த இரவு வேலை. இடையில் போன நாட்கள் போனவைதான். ஐப்பசி மழைக்குக் கூரை எழும்பவில்லை. அந்த மாதம் முழுவதும் அவன் மனைவியும் மகளும் பள்ளிக்கூட மண்டபத்தில் பாய் விரித்தார்கள் என்று குமார் பிறகு சொன்னான்.

வடக்கே போகிற நாளில், மதியத்தில், என் கைபேசி மணி அடித்தது. திரையில் வாசல். சுவர் ஓரமாகச் சப்பாத்து. பக்கத்தில் ஒரு பெரிய பயணப் பை. வெறுங்காலோடு கைகட்டி நின்றான். "மாஸ்டர்" என்றான்.

ஓடினேன் என்று சொல்ல ஆசை. என் மூட்டுக்கு முடிந்த வேகத்தில் இறங்கினேன். என் செருப்பையும் உள்ளேயே விட்டுவிட்டு வெளியே போய் அவனுக்கு எதிரே நின்றேன். கற்கள் குளிர்ந்து கிடந்தன. சட்டைப் பையில் கைபேசி துடித்தது. பமெலா. "டைகர், அந்த ஆள் மறுபடி வந்திருக்கிறானே, பொலிஸைக் கூப்பிடட்டுமா?" நான் எதிர்ச் சன்னலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவளுக்கு அது என்ன விளங்கியதோ, சன்னல் திரைச்சீலை மூடிக்கொண்டது.

"அம்மா சொல்லிவிட்டாங்க" என்றான் ராஜேந்திரன். அம்மா என்றது சண்முகத்தின் மனைவியை. அவளிடம் ஒப்புக்கொண்ட வேலை முடியாமல் ஊரை விட்டுப் போக அவனுக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது. "ஒங்க தம்பி சண்முகம் தவறிட்டாருங்க. நெஞ்சு வலி. ஆசுபத்திரிக்குக் கொண்டு போற வழியிலயே. போறப்ப கஷ்டப்படலைங்க."

எனக்கு ஏற்கெனவே தெரிந்த செய்திதான். ஆனால் அதுவரை யாரும் எனக்கு முறையாகச் சொல்லியிருக்கவில்லை. கேற்றைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவன் காத்து நின்றான். ஓய்ந்தபோது, "கொஞ்சம் தேத்தண்ணியாவது குடிச்சிட்டுப் போப்பா" என்றேன். தலையசைத்து மறுத்தான். சப்பாத்தை மாட்டினான், பையைத் தூக்கினான், நடந்தான்.

போய் வருகிறேன் என்று சொல்லவில்லை. கேதம் சொன்னவன் சொல்லக் கூடாது. அவன் வழக்கத்துக்காகச் சொல்லாமல் போனானா, என் முகத்துக்காகச் சொல்லாமல் போனானா என்று எனக்குத் தெரியவில்லை. அதன்பிறகு அவன் என் அழைப்பை எடுத்ததில்லை. வடக்கே அவர்களுக்கும் யாராவது பொலிஸ்காரர் வந்து, தெரிந்தும் எடுக்கக் கூடாத இலக்கங்களைப் பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

அந்தக் கடைசி நாள் காணொளி என்னிடம் இருக்கிறது. அவன் திரும்பி நடக்கிற இடத்துக்கு வந்ததும் சத்தத்தை முழுக்கக் கூட்டிவைத்துக் கேட்பேன். ஏதாவது ஒரு சொல் இருக்குமா என்று. அங்கே காற்றுச் சத்தம்தான் இருக்கிறது.